கொண்டச்சியில் ஒரு டெமோ

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நானா கொழும்பிலிருந்து ஊருக்கு வந்திருந்தார். அவர் சொஃப்ட்வெயார் எஞ்சினியர். வழமையாக வந்தால் முதல் வேலையே என்னைச் சீண்டுவதுதான். "வரலாறு படிச்சு என்ன செய்யப்போறாய், அல்லிராணிக் கோட்டைக்கு டிக்கெட் வெட்டப்போறியா?" என்பார். இந்தமுறை அந்தப் பகிடியும் வரவில்லை. இரவு சாப்பிட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடக்கும்போதுதான் கதை வெளியே வந்தது.

அவருடைய டீம் ஒரு கிளையன்டுக்குக் களஞ்சியக் கணக்குப் பார்க்கும் சிஸ்டம் ஒன்று செய்துகொண்டிருந்தது. டெமோ காட்டின நாளில் உள்ளே இருந்தது வெறும் இருநூறு பொருட்களின் விபரம். தேடினால் கண்மூடித் திறக்கமுன் விடை வந்தது. கிளையன்டுக்குச் சந்தோசம். அங்கேயே திகதி குறித்துவிட்டார்கள். உண்மையான டேட்டாவோ பல இலட்சம் வரிகள். அதைப் போட்டுத் தேடினால் சிஸ்டம் நிமிடக்கணக்கில் மூச்சு வாங்கும் என்பதும், சரிசெய்ய இன்னும் மூன்று மாதம் வேண்டும் என்பதும் நானாவுக்குத் தெரியும். திகதி வந்தது, சிஸ்டம் படுத்தது, பழி இவர் தலையில் விழுந்தது.

"நீங்க முதல்லயே சொல்லல்லையா?" என்று கேட்டேன்.

"சொன்னனான்தானே. இருபத்திமூணாவது ஸ்லைட்ல, கடைசி வரில இருக்கு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனால் அன்றிரவு படுக்கும்போது வேறொன்று மண்டைக்குள் ஓடத் தொடங்கியது. நாங்கள் நின்று கதைத்த அதே கரையில், நூற்றிச் சொச்சம் வருடங்களுக்கு முன்னமும் டெமோ காட்டியிருக்கிறார்கள். காட்டினது சிப்பி. நம்பினவர்கள் வியாபாரிகள், அரசாங்கம், கடைசியில் லண்டனில் பணம் போட்ட ஒரு கொம்பனி. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் ஊரைச் சொல்லவேண்டும். மன்னார் மாவட்டத்தின் தெற்குக் கரையில், முசலிப் பக்கம், அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்று வரிசையாக வரும் ஊர்களில் ஒன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது எங்கட குடும்பமும் புத்தளத்துக்குப் போனது. நானாவும் நானும் அங்கேதான் பிறந்தோம். யுத்தம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தோம். ஆகவே இந்த ஊரை நான் பாதி உம்மம்மாவின் கதையிலிருந்தும் பாதி புத்தகங்களிலிருந்தும் கற்றுக்கொண்டவள். உம்மம்மா சொன்னதில் முத்து எப்போதும் இருந்தது. காலடியில் சிப்பி ஓடுகளும் இருந்தன. இந்தக் கரையில் மணலைக் கிளறினால் இன்றைக்கும் அவை வரும்.

முத்துக்குளிப்புக்குத் தமிழில் சலாபம் என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. சிலாவத்துறை என்ற பெயரும் சிலாபம் என்ற பெயரும் அதிலிருந்து வந்தவை என்பார்கள். 1803இல் தன் இலங்கை நூலை வெளியிட்ட றொபர்ட் பேர்சிவல் என்ற பிரித்தானியப் படை அதிகாரி, சலாப காலத்துக் கொண்டச்சிக் குடாவை விரிவாக எழுதியிருக்கிறார். மற்ற மாதங்களில் மணலும் சில குடிசைகளும் மட்டும் இருக்கிற கரை, சலாபம் வந்ததும் பல்லாயிரம் பேர் கூடும் பட்டினமாகிவிடுமாம். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், மலையாளக் கரை, பம்பாய், பாரசீக வளைகுடா என்று எங்கெங்கோ இருந்து சம்மாட்டிகள், சுழியோடிகள், வியாபாரிகள், வட்டிக்குக் காசு கொடுக்கிறவர்கள் எல்லாரும் வருவார்கள். சுறா கடிக்காமல் மந்திரம் சொல்லிக் 'கடல் கட்டுகிற' கடல்கட்டிக்கும் வருமானத்தில் பங்கு உண்டு. அவர் கரையில் இல்லாவிட்டால் பலர் கடலில் இறங்கவே மாட்டார்கள் என்பதால் வெள்ளைக்கார அரசாங்கமே அதைச் சகித்துக்கொண்டது.

இடையில் ஒன்று. நானா பகிடி பண்ணும் அல்லிராணிக் கோட்டை உண்மையில் ராணி கட்டினதல்ல. பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் சலாபத்தை மேற்பார்வை செய்ய 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்பில் கட்டின மாளிகை அது. டோரிக் என்று பெயர். இப்போது கடல் அரித்துப் பாதிதான் மிச்சம். ஆனால் அரிப்புக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள், அல்லிராணிக் கதைதான் வரும். கதையாகச் சொன்னது நின்றுவிட்டது, கோப்பில் எழுதினது கோப்பிலேயே இருக்கிறது.

சரி, டெமோவுக்கு வருவோம்.

சலாபம் ஒவ்வொரு வருடமும் நடப்பதில்லை. சிப்பி முற்ற நாலைந்து வருடம் வேண்டும். முற்றினதை எடுக்காமல் விட்டாலும் ஏழாம் வருடம் அளவில் செத்துப் போய்விடும். அதனால் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் முத்துப் பார்களின் பரிசோதகர் வள்ளங்களோடு போவார். கடலடியில் சிப்பி ஒட்டி வளரும் கடினமான தரைக்குத்தான் பார் என்று பெயர். பெரிய பார், சேவல் பார், வங்காலைப் பார் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. ஆங்கில அறிக்கைகளும் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டன. இடைவெளி விட்டு இடைவெளி விட்டுச் சுழியோடிகளை இறக்கி, அவர்கள் கொண்டுவருவதை எண்ணி, வயதைக் கணித்து, எந்தப் பாரில் எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிடுவார்கள்.

பிறகு அதிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்துக் கரையில் அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பொறுக்குவார்கள். அந்த நாற்றத்தைப் பற்றி எழுதாத வெள்ளைக்காரன் இல்லை. பொறுக்கின முத்தைப் பெரிது சிறிதாகத் துளைகள் உள்ள பித்தளைத் தட்டுகளில் சலித்து, ஆணிமுத்திலிருந்து தூள் வரை தரம் பிரித்து, அனுபவமுள்ள முத்து வியாபாரிகளைக் கொண்டு விலை மதிப்பார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் பெறுமதி என்று ஒரு தொகை வரும். அந்தத் தொகையோடு, இன்ன பாரில் இன்ன திகதியில் சலாபம் என்று இலங்கையிலும் இந்தியாவிலும் அறிவித்தல் போகும்.

நானாவுக்கு இதைச் சொன்னபோது, "அடேயப்பா, இது சரியான டெமோதான்" என்றார். ஏனென்றால் யோசித்துப் பாருங்கள். கீழக்கரையில் இருக்கும் வியாபாரிக்குக் கடலடியைப் பற்றி என்ன தெரியவேண்டும்? காசைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறலாமா இல்லையா என்பதுதான். அதற்கான விடையை ஒரே தொகைக்குள் சுருக்கி, அதைத் தங்கட ஆட்களே மதித்தார்கள் என்ற நம்பிக்கையையும் சேர்த்துக் கொடுத்தது அந்த அறிவித்தல். வியாபாரிகளும் ஏமாளிகள் இல்லை. மாதிரி என்றால் மாதிரிதான் என்று அவர்களுக்குத் தெரியும். திறக்காத சிப்பியை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுப்பது லொத்தர் மாதிரி. அரசாங்கத்தின் பங்கை இரவில் ஏலம் விடும்போது, அதுவரை வந்த சிப்பியில் என்ன கிடைத்தது என்று பார்த்துத்தான் விலை ஏறும், இறங்கும். டெமோவைப் பார்த்து ஊருக்கு வந்தவர்கள் உண்மையான டேட்டாவைப் பார்த்து விலை பேசினார்கள்.

சிக்கல் வந்தது அதற்குப் பிறகு.

1891க்குப் பின் சலாபம் நின்றுபோனது. ஒரு வருடம், இரண்டு வருடம் என்று பதினொரு வருடங்கள் பார்கள் வெறுமையாகக் கிடந்தன. ஏன் என்று கண்டுபிடிக்க லிவர்பூல் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மனை அரசாங்கம் அழைத்தது. 1902 ஜனவரியில் உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெலோடு அவர் வந்தார். சில மாதங்கள் இந்தக் கடலைத் துருவினார். பிறகு ஹோர்னெலை இங்கே விட்டுவிட்டுத் திரும்பினார். றோயல் சொசைட்டி வெளியிட்ட அவர்களுடைய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வந்தது. இன்றைக்கும் மன்னார்க் கடலைப் பற்றி எழுதுகிறவர்கள் தொடாமல் போகமுடியாத வேலை அது.

அந்த ஐந்து பாகத்தையும் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? ஹேர்ட்மன் 1903இல் லண்டன் றோயல் இன்ஸ்டிடியூஷனில் இலங்கை முத்துக்குளிப்பைப் பற்றி ஓர் உரையும் ஆற்றினார். பெரும்பாலோர்க்குப் போய்ச் சேர்ந்தது அந்த மாதிரி உரைகளில் சொன்னதுதான். அதில் எல்லாரையும் பிடித்துக்கொண்டது புழுக் கதை. நல்ல முத்து மணலைச் சுற்றி வளர்வதல்ல, சிப்பிக்குள் புகுந்த ஒரு நாடாப்புழுவின் குடம்பியைச் சுற்றி வளர்வது, அந்தப் புழு சிப்பியிலிருந்து மீனுக்குப் போய் மீண்டும் சிப்பிக்கு வருகிறது என்பது அவருடைய கோட்பாடு. இதே காலத்தில் பிரெஞ்சு விஞ்ஞானி ரஃபேல் டுபுவாவும், முத்து என்பது புழுவுக்குக் கட்டிய மினுங்கும் கல்லறை என்ற கருத்தில் எழுதியிருந்தார். இப்படி ஒரு படிமம் கிடைத்தால் யார்தான் மறப்பார்கள்? ஆனால் முத்தையும் புழுவையும் இலங்கைச் சிப்பியில் தொடுத்துப் பார்த்தது இவர்கள் முதல்தடவை அல்ல. இலங்கையில் பிறந்த பறங்கியரான டொக்டர் கெலாட் 1850களின் கடைசியிலேயே அரசாங்கத்துக்கு அதை எழுதிக் கொடுத்திருந்தார். அவருக்கு லண்டன் மேடை கிடைக்கவில்லை.

அதே அறிக்கையில் இன்னொரு விசயமும் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம். பெரிய பாரை ஹேர்ட்மன் 1902 மார்ச் அளவில் பார்த்தபோது குஞ்சுச் சிப்பி கோடிக்கணக்கில் மூடிக் கிடந்தது. அந்த வருட நவம்பரில் பார்த்தால் ஒன்றும் இல்லை. தென்மேல் பருவக்காற்று காலத்தில் கடல் அள்ளிக்கொண்டு போய்விட்டது. இது புதிதல்ல, முந்தைய இருபது வருடங்களிலும் திரும்பத் திரும்ப நடந்தது என்றும், அங்கே சிப்பி முற்றும்வரை தங்குவதில்லை என்றும் அவர் எழுதினார். குஞ்சுகளை அள்ளிப் பாதுகாப்பான பார்களில் கொண்டுபோய் நடலாம் என்பது அவர் சொன்ன வழி. அதாவது, ஒரே மழைக்காலத்துக்குள் கோடி பூச்சியமாகும் கடல் இது என்பது அறிக்கையில் கறுப்பு வெள்ளையாக இருந்தது.

அதற்குள் காலம் ஹேர்ட்மனுக்குச் சாதகமாகத் திரும்பியது. 1903இல் சலாபம் வந்தது. 1904இல் வந்தது. 1905இல் வந்தது சாதாரணமானதல்ல. அந்த ஒரே சீசனில் 8 கோடிக்கும் அதிகமான சிப்பிகள் ஏறின, அரசாங்கத்துக்கு மட்டும் 25 இலட்சம் ரூபாய் அளவில் கிடைத்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? பதினொரு வருடம் வெறுமை, விஞ்ஞானி வந்தார், முத்து கொட்டுது. ஆனால் சிப்பியின் வயதை எண்ணிப் பார்த்தால் போதும். 1903இல் எடுத்த முற்றின சிப்பி, ஹேர்ட்மன் கப்பல் ஏறமுதலே பாரில் ஒட்டினது. அவர் அதை வளர்க்கவில்லை, கண்டார். அவர் வளர்த்ததாகச் சொல்லவும் இல்லை. அறிக்கையைப் படிக்காமல் திகதிகளை மட்டும் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றக்கூடியதாக இருந்தது, அவ்வளவுதான்.

1906இல் இலங்கை முத்துக்குளிப்புக் கொம்பனி என்ற பிரித்தானியக் கொம்பனி இந்தப் பார்களை 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. வருடத்துக்கு 3,10,000 ரூபாய். கடல் ஒழுங்காகக் கொடுக்கும், அல்லது கொடுக்கவைக்கலாம் என்று நம்பினால் மட்டும் பொருந்துகிற கணக்கு இது. அரசாங்கத்தின் பக்கம் பாருங்கள்: சிப்பி வந்தாலும் வராவிட்டாலும் குத்தகை வரும். கடந்த பதினைந்து வருடத்தில் பதினொன்று வெறுமை என்று தெரிந்த ஒருவருக்கு இதைவிட நல்ல பேரம் இல்லை.

அந்த வருடச் சலாபம் எங்களுக்குப் பக்கத்து ஊர் மறிச்சுக்கட்டியில் நடந்தது. சிப்பியை எண்ணிப் பிரிக்கும் 'கொட்டு' என்ற அடைப்பை மேற்பார்வை செய்ய யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். பெயர் லெனார்ட் வூல்ஃப். பிற்காலத்தில் வேர்ஜினியா வூல்ஃபின் கணவர். வந்து நின்ற வாரங்களை அவர் மறக்கவில்லை. பதினைந்து வருடம் கழித்து 1921இல் இந்தச் சலாபத்தை வைத்து ஒரு சிறுகதையே வெளியிட்டார். 1907இலும் சலாபம் நடந்தது. அதோடு பார்கள் மீண்டும் வெறுத்துப்போயின. சில வருடங்களில் கொம்பனியும் கலைக்கப்பட்டது. புழுக் கோட்பாட்டையும் 1912இல் லிஸ்டர் ஜேம்சன் என்ற விலங்கியலாளர் கடுமையாக எதிர்த்து எழுதினார். இலங்கை முத்துகளை வெட்டிப் பார்த்தவர், நடுவில் அந்தப் புழு இருந்ததற்குச் சான்றில்லை என்றார்.

இதை வைத்து ஹேர்ட்மன் ஏமாற்றினார் என்று எழுதினால் அது அநியாயம். நானாவும் ஏமாற்றவில்லை. இரண்டு பேரும் சொல்லவேண்டியதைச் சொன்னார்கள். புழு முன்னுக்கு இருந்தது, பெரிய பார் உள்ளுக்கு இருந்தது. வேகமான தேடல் முதல் ஸ்லைடில், மூச்சு வாங்குவது இருபத்திமூன்றாவதில்.

சொல்லவே விடப்படாதவர்கள் என்று இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பெரிய பாரை இங்குள்ள ஆட்கள் தாய்ப் பார் என்ற அர்த்தத்தில் அழைத்தார்கள். அங்கிருந்துதான் குஞ்சுகள் கரைப்பக்கப் பார்களுக்கு வந்து சேருகின்றன என்பது அவர்கள் எண்ணம். ஹேர்ட்மன் அதைப் பதிவு செய்தார். கூடவே, தாங்கள் ஆராய்ந்து பார்த்ததில் அதற்கு ஆதாரம் இல்லை என்று முடித்தும் வைத்தார். சுழியோடிகள் சொன்னதுதான் சரி என்று வாதாட நான் வரவில்லை. எனக்கு உறுத்துவது, ஒரு நிமிடம் மூச்சடக்கி அந்தத் தரையைக் கையால் தடவின மனிதர்களின் தலைமுறை தலைமுறையான அறிவு ஐந்து பாக அறிக்கைக்குள் ஒரு 'நம்பிக்கை'யாக மட்டும் நுழைந்தது என்பதுதான். எதைக் கண்டு அப்படி நினைத்தீர்கள், எந்த மாதம், எந்தத் திசையில் நீரோட்டம் என்று கேட்டு அதை வாதமாக வைக்க அங்கே ஆள் இல்லை. அவர்களுக்கும் அந்த மேசையில் கதிரை இல்லை.

எங்கட கம்பஸில் பிரசன்டேஷன் என்றால் டை கட்டுவதும், கண்ணைப் பார்த்துக் கதைப்பதும், ஆங்கிலம் தடக்காமல் வருவதும்தான். கலைப்பீடத்திலும் அப்படித்தான், எஞ்சினியரிங் ஆட்களுக்கும் அப்படித்தான் என்று நானா சொல்கிறார். அதெல்லாம் இருந்தும் ஆள் செத்த கதை ஒன்று இருக்கிறது. 2003 ஜனவரி 16இல் நாசாவின் கொலம்பியா விண்ணோடம் மேலே போகும்போது எரிபொருள் தாங்கியிலிருந்து பிய்ந்த நுரைத்துண்டு ஒன்று இறக்கையில் அடித்தது. ஆபத்தா இல்லையா என்று பொறியியலாளர்கள் ஆராய்ந்து பவர்பொயின்டில் காட்டினார்கள். விபத்துக்குப் பிறகு விசாரணைச் சபை அதில் ஒரு ஸ்லைடைத் தன் அறிக்கையிலேயே போட்டுக் கிழித்தது. தலைப்பு நம்பிக்கை ஊட்டுவது மாதிரி இருந்தது. அடியில், சின்ன எழுத்தில், முந்தைய பரிசோதனைகளில் பாவித்த துண்டு 3 கன அங்குலம், இப்போது அடித்தது 1,920 கன அங்குலம் என்று இருந்தது. அதாவது கையில் இருந்த மாதிரியைவிட 640 மடங்கு. பெப்ரவரி 1இல் விண்ணோடம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். எழுதவில்லை என்று யாராலும் சொல்லமுடியாது. எழுதித்தான் இருந்தது.

இதை நான் நானாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. நீலக்கோடு மட்டும் விழுந்திருந்தது. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

போன கிழமை கோல் எடுத்தார். அதே கிளையன்டுக்கு மறுபடி ஒரு டெமோ இருந்ததாம். இந்தமுறை ஸ்லைட் ஒன்றும் கொண்டுபோகவில்லை. முழு டேட்டாவையும் ஏற்றிக்கொண்டு போய், அவர்களில் ஒருவரையே கூப்பிட்டு, நீங்களே ஒரு பொருளின் பெயரை அடித்துத் தேடுங்கள் என்றிருக்கிறார். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மனேஜர் மேசைக்கு அடியில் இவர் காலை மிதித்தாராம். நாலாவது நிமிடம் விடை வரும்வரைக்கும் இவர் வாயே திறக்கவில்லை.

"பிறகு?" என்றேன்.

"பிறகென்ன. சரிசெய்ய எத்தனை மாசம் வேணும்னு அவங்களாவே கேட்டாங்க."